பெயர் சொல்லியும் திரும்பாத குழந்தை: சேர்வராயன் மலைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் குடும்பத்தின் சம்மதத்தைப் பெற்றே இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் குழந்தையின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு வயதை ஒட்டிய பருவத்தில் ‘நான்’ என்ற உணர்வு குழந்தையிடம் எப்படித் திரண்டு வருகிறது என்பதையும், அதை அறிய நாம் கையாளும் சோதனைகள் வீட்டுப் பழக்கவழக்கங்களோடு எங்கே மோதுகின்றன என்பதையும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் இளம் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் நோக்கம்.

பின்னணி

குழந்தை ஓர் ஆண். என்னிடம் முதன்முதலாக அழைத்து வந்தபோது அவனுக்கு வயது 20 மாதம். வீடு ஏற்காட்டைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு ஊரில் இருக்கிறது. தாய் தோட்டத்தில் கூலி வேலைக்குச் செல்பவர்; தந்தை மிளகும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து சேலத்துக்குச் சரக்கு வண்டி ஓட்டுபவர். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய் விடியலில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார் என்பதால், குழந்தையைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்பவர் தந்தையின் தாயாரான அப்பாயி. அதே வளவில் பெரியப்பாவின் குடும்பமும் இருக்கிறது. அவர்களுடைய நான்கு வயது மகள்தான் இவனுக்கு விளையாட்டுத் துணை.

பிரசவம் இயல்பானது, பிறந்தபோது எடை குறைவில்லை, தடுப்பூசிகள் உரிய காலத்தில் போடப்பட்டிருந்தன. 13 மாதத்தில் நடந்திருக்கிறான். பேச்சு மட்டும் சற்றுப் பின்தங்கியிருந்தது. முதல் சந்திப்பின்போது அவன் தெளிவாகச் சொல்லும் சொற்கள் பத்துக்கு மேல் இல்லை என்று தாய் கூறினார்.

குடும்பத்தை அச்சத்தில் ஆழ்த்தியவை அடுத்தடுத்து நடந்த இரண்டு நிகழ்வுகள். முதலாவது, அங்கன்வாடி மையத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனை. 2013 இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் தேசியக் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழு வந்திருந்த அன்று, தாய் தோட்டத்தில் இருந்ததால் பெரியம்மா குழந்தையைத் தூக்கிச் சென்றிருக்கிறார். பதிவேட்டில் உள்ள பெயரைப் பார்த்து மருத்துவர் மூன்று முறை கூப்பிட்டும் குழந்தை திரும்பவில்லை. ‘பெயருக்குப் பதில் இல்லை, மேல் பரிசோதனை தேவை’ என்று அட்டையில் குறித்து அனுப்பினார்கள்.

இரண்டாவது, பொங்கலுக்குச் சேலத்தில் உள்ள அத்தை வீட்டுக்குச் சென்றபோது நடந்தது. கல்லூரியில் படிக்கும் அத்தை மகள், அட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்துக் கவலைப்பட்டு, கைப்பேசியில் ஒரு காணொளியைத் தேடியெடுத்து, அதில் காட்டியபடியே குழந்தையின் மூக்கில் உதட்டுச் சாயத்தைத் தடவிப் பீரோக் கண்ணாடியின் முன் நிறுத்தியிருக்கிறாள். தன்னை அறிந்த குழந்தை தன் மூக்கைத் தொட்டுப் பார்க்கும் என்றது காணொளி. இவன் மூக்கைத் தொடவில்லை. அசையாமல் நின்று பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாயின் புடவைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். பெயர் சொன்னால் திரும்பவில்லை, கண்ணாடியில் தன்னையும் தெரியவில்லை, ஆகவே ஆட்டிசமாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு மலை ஏறுவதற்கு முன்பே குடும்பம் வந்துவிட்டது.

முதல் சந்திப்பில் கண்டவை

ஜனவரி இறுதியில் தாயும் தந்தையும் அவனை அழைத்து வந்தார்கள். அப்பாயி வரவில்லை, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துப் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஆட்டிசத்துக்கான முதல்நிலை வடிகட்டலாக 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் பயன்படும் எம்-சாட்-ஆர் வினாத்தாளைத் தாயிடம் வாசித்துக் கேட்டேன். அதில் 20 கேள்விகள் உண்டு. 2 மதிப்பெண் வரை குறைந்த ஐயம், 3 முதல் 7 வரை நடுத்தர ஐயம், 8உம் அதற்கு மேலும் மிகுந்த ஐயம் என்பது அதன் கணக்கு. இவனுக்கு 4 வந்தது. பெயருக்குத் திரும்புதல், பாவனை விளையாட்டு, பிற குழந்தைகளிடம் ஆர்வம், பெரியவர் பார்க்கும் திசையில் தானும் பார்த்தல் ஆகிய நான்குக்கும் ‘இல்லை’ அல்லது ‘தெரியவில்லை’ என்பதே தாயின் பதில்.

ஆனால் அறைக்குள் அவன் நடந்துகொண்ட விதம் அந்த எண்ணோடு முழுமையாகப் பொருந்தவில்லை. மேசைமேல் இருந்த மணியை விரலால் சுட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் அடித்துக் காட்டியதும் தாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வேண்டும் என்பதற்காகச் சுட்டுவது வேறு, ‘அதைப் பார்’ என்று மற்றொருவரோடு பகிர்ந்துகொள்வதற்காகச் சுட்டுவது வேறு. பின்னதுதான் இந்த வயதில் நாம் தேடுவது. அது அவனிடம் இருந்தது. பதிவுப் பெயரைச் சொல்லி நான் அழைத்தபோது அவன் திரும்பவில்லை என்பதும் உண்மை.

வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். தாய் சற்றுத் தயங்கிவிட்டு, “சாமின்னுதான் கூப்புடுவோங்க” என்றார். கதவுப் பக்கம் நின்று ‘சாமி’ என்றதும் அவன் உடனே திரும்பினான்.

பதிவேட்டில் இருப்பது இறந்துபோன தாத்தாவின் பெயர். கணவரின் பெயரை அப்பாயி வாயால் சொல்வதில்லை, மாமனார் பெயரைத் தாயும் சொல்வதில்லை, பெரியம்மாவும் அப்படியே. தந்தை சொல்லலாம், ஆனால் பெற்ற தகப்பனின் பெயரை வைத்து மகனை அதட்ட மனம் வராமல் அவரும் ‘சாமி’ என்றோ ‘குட்டி’ என்றோதான் அழைக்கிறார். ஆக, இருபது மாதத்தில் அந்தக் குழந்தை தன் பதிவுப் பெயரைக் கேட்ட தருணங்கள் மிகச் சிலவாகவே இருந்திருக்கும். நாலரை மாதக் குழந்தையே தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களைவிட நெடுநேரம் கவனித்துக் கேட்கும் என்று 1995 இல் அமெரிக்காவில் மாண்டல், யுஸ்சிக் குழுவினர் காட்டினார்கள். அந்த அறிமுகம் காதில் திரும்பத் திரும்ப விழும் ஒலியோடுதான் ஏற்படும், பிறப்புச் சான்றிதழில் எழுதியிருப்பதோடு அல்ல.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

பெயரைப் பற்றிய விளக்கம் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அனுப்பிவிடுவது எளிது. அப்படிச் செய்யவில்லை. பேச்சு பின்தங்கிய குழந்தை பெயருக்கும் திரும்பவில்லை என்றால், காது கேட்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகுதான் மற்ற எதையும் பேச வேண்டும். பரிசோதனைக் குழு மேல் பரிசோதனைக்கு எழுதியது முற்றிலும் சரியான செயல் என்பதைப் பெற்றோரிடம் அழுத்தமாகச் சொன்னேன். ‘பெயர்தான் காரணம்’ என்று ஊரில் பேச்சுப் பரவி, நாளை உண்மையிலேயே காது கேளாத ஒரு குழந்தையை அழைத்து வராமல் இருந்துவிடக் கூடாது. ஓ.ஏ.இ., பெரா ஆகிய இரண்டு செவிப் பரிசோதனைகளும் சேலத்தில் செய்யப்பட்டன. இரு காதுகளும் இயல்பாக இருந்தன.

கண்ணாடிச் சோதனையைப் பொறுத்தவரை, அதை நோய் கண்டறியும் கருவியாகக் கொள்ளவே கூடாது என்பதைப் பெற்றோருக்கு விரிவாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1970 இல் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் கேலப் சிம்பன்சிகளிடம் நடத்திய, முகத்தில் குறி இட்டுக் கண்ணாடி காட்டும் ‘குறிச் சோதனை’யையும், அதே காலத்தில் பியூலா ஆம்ஸ்டர்டாம் குழந்தைகளிடம் நடத்தி 1972 இல் வெளியிட்ட ஆய்வையும் அடியொற்றியதுதான் இன்று காணொளிகளில் உலவும் சோதனை. ஆம்ஸ்டர்டாம் 3 முதல் 24 மாதம் வரையிலான 88 குழந்தைகளைக் கண்ணாடி முன் வைத்துப் பார்த்தார். ஆண்டு நிறைவு வரை குழந்தைகள் கண்ணாடியில் தெரிபவரை விளையாட வந்த இன்னொரு குழந்தையாகவே நடத்தினார்கள். இரண்டாம் ஆண்டில் பலர் கூச்சப்பட்டார்கள், விலகினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 20 முதல் 24 மாதத்தில் 65 விழுக்காட்டினர் தம்மை இனம் கண்டுகொண்டார்கள். அந்த ஆய்விலேயே இந்த வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் இனம் காணவில்லை என்பதையும், பீரோக் கண்ணாடி முன் இவன் செய்த விலகல் அவ்வளர்ச்சியின் ஒரு கட்டமாகவே அங்கே பதிவாகியிருக்கிறது என்பதையும் சொன்னபோது தாயின் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிலும் பெரும்பாலானோர் உரிய மனவளர்ச்சியை எட்டியதும் இச்சோதனையில் தேறிவிடுகிறார்கள் என்பதால், தேறாமையை ஆட்டிசத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள அடிப்படையே இல்லை.

அடுத்த முடிவு, பகல் முழுதும் குழந்தையோடு இருப்பவரைச் சந்திக்காமல் வினாத்தாளின் கணக்கை முடிப்பதில்லை என்பது. எம்-சாட்-ஆர் 3 முதல் 7க்குள் வந்தால் ஒவ்வொரு ‘இல்லை’யையும் எடுத்துக்காட்டுகளோடு மறுபடி விசாரிக்கும் இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. அதைத் தாயிடம் கேட்பதைவிட அப்பாயியிடம் கேட்பதே பொருத்தம் என்று கருதி, மலைக்கே போனேன்.

வீட்டில் கண்டவை

வீட்டின் முன்னே களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. குழந்தையின் இடக் கன்னத்தில் ஒன்றும் நெற்றியோரத்தில் ஒன்றுமாகப் பெரிய கறுப்பு மைப்பொட்டுகள். திருஷ்டிக்காகப் பிறந்த நாளிலிருந்து தவறாமல் வைப்பதாக அப்பாயி சொன்னார்.

நான் கேட்க வந்த கேள்விகளில் பாதிக்கு அவர் கேட்காமலேயே விடை சொல்லிவிட்டார். காப்பி இலையைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் குச்சியால் கிண்டி, ஊதி, அவர் வாயருகே கொண்டுபோய் ஊட்டுகிறானாம். பாவனை விளையாட்டு என்பது அதுதான். அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே ஓடுகிறானாம். பொழுதுக்கும் வேலையில் இருக்கும் தாய்க்கு இவை தெரியாமல் போனதில் வியப்பில்லை. மறுவிசாரணையில் மதிப்பெண் 4 இலிருந்து 1 ஆகக் குறைந்தது. பெரியவரின் பார்வைத் திசையைப் பின்தொடர்வது மட்டும் ஐயமாகவே நின்றது.

அன்று களத்தில் கண்ட ஒரு காட்சியை விரிவாகப் பதிவுசெய்கிறேன். வெறும் சாக்கு ஒன்றின்மேல் அவன் நின்றிருந்தான். கொட்டையை அள்ள வேண்டிய நேரம். “சாமி, அந்தச் சாக்க எடுத்துக் குடு” என்றார் அப்பாயி. அவன் குனிந்து சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது தள்ளாடினான். இழுப்பதை நிறுத்திவிட்டுத் தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்தான், மற்றதையும் எடுத்தான், சாக்கை இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது; அப்பாயி அதைக் கவனிக்கவும் இல்லை.

தன் உடலும் உலகில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருள், அதுவே தடையாக இருக்கக்கூடும் என்று குழந்தை உணர்வது தன்னுணர்வின் ஒரு முக்கியமான படி. 2007 இல் கிறிஸ் மூர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சிறு தள்ளுவண்டியின் பின்புறம் தைத்த விரிப்பின்மேல் குழந்தையை நிற்கவைத்து வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். விரிப்பைவிட்டு இறங்கினால்தான் வண்டி நகரும். 15 மாதத்துக்கும் 21 மாதத்துக்கும் இடையில் இதைக் கண்டுகொள்ளும் திறன் வளர்வதை அவர்கள் பதிவுசெய்தார்கள். களத்தில் சாக்கின்மேல் நான் பார்த்ததும் அதே சோதனைதான். யாரும் ஏற்பாடு செய்யாமல் நடந்தது என்பதால் அதற்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. அக்கா விளையாட்டாக அவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டபோது, ஓடிப்போய்ப் பிடித்திழுத்து “சாமீது” என்றான். தன்னைக் குறிக்க ஒரு பெயர் அவனிடம் இருக்கிறது, அந்தப் பெயருக்கு உரிய உடைமை எது என்பதும் தெரிந்திருக்கிறது. ‘நான்’ என்னும் சொல் வருவதற்கு முன் குழந்தைகள் தம்மை மற்றவர்கள் அழைக்கும் பெயரால்தான் குறிப்பார்கள்.

கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். தந்தை முகம் மழிக்கப் பயன்படுத்தும் உள்ளங்கையளவு வட்டக் கண்ணாடி ஒன்று, பெரியவர்களின் முக உயரத்தில் ஆணியில் தொங்கியது. வீட்டில் வேறு கண்ணாடி கிடையாது. பல் முளைத்துப் பேச்சு வரும் முன் பிள்ளைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்பது அப்பாயியின் உறுதி. அதை அவர் கடைப்பிடித்திருக்கிறார். பீரோக் கண்ணாடியில் தன் முழு உருவத்தை அவன் பார்த்தது அநேகமாக அந்தப் பொங்கலன்றுதான்.

இத்துடன் மைப்பொட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முகத்தில் இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது, அதை நீக்க வேண்டும் என்று குழந்தைக்குத் தோன்றுவதை நம்பித்தான் குறிச் சோதனை அமைந்திருக்கிறது. நாள்தோறும் முகத்தில் பொட்டோடு வளரும் குழந்தைக்கு, அதைத் தொட்டு அழித்தால் அப்பாயி கையைத் தட்டிவிடுவார் என்று அறிந்த குழந்தைக்கு, மூக்கில் இன்னொரு புள்ளி இருப்பது ஏன் விசித்திரமாகப் பட வேண்டும்? கென்யாவில் தான்யா புரோஷ் குழுவினர் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில் 18 முதல் 72 மாதம் வரையிலான 82 குழந்தைகளில் இருவர் மட்டுமே குறியைத் தொட்டார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் உறைந்து நின்றார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன்னைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த உறைதலும் ஒரு வகை அறிதலின் அடையாளமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அத்தை வீட்டில் இவன் அசையாமல் நின்றதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

வீட்டில் செய்த மாற்றங்கள்

குடும்பத்தின் வழக்கம் எதையும் கைவிடச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. ஆனால் இன்னும் சில மாதங்களில் அங்கன்வாடியில் அமரப்போகிற குழந்தைக்குத் தன் பதிவுப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அப்பாயியிடம் எடுத்துச் சொன்னேன். “அவரு பேர நான் எப்பிடிங்க சொல்றது” என்றவர், சற்று யோசித்து அவரே ஒரு வழியைச் சொன்னார். தகப்பனும் அக்காவும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், தாய் பெயரின் பின்பாதியை மட்டும் செல்லமாகச் சொல்லட்டும், தான் ‘சாமி’ என்றே அழைத்துக்கொள்கிறேன் என்றார். அதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால் சொல்லியிருக்க முடியாது. இதில் அக்காவின் பங்கு பெரியது, ஏனென்றால் நாள் முழுதும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவள் அவள்தான்.

குழந்தைக்குப் பல் முளைத்து, சில சொற்களும் வந்துவிட்டதால் இனிக் கண்ணாடிக்குத் தடையில்லை என்று அப்பாயி ஒப்புக்கொண்டார். தந்தை சேலத்திலிருந்து ஒரு கண்ணாடி வாங்கி வந்து, திண்ணைச் சுவரில் குழந்தையின் உயரத்துக்கு மாட்டினார். பாடம் எதுவும் நடத்த வேண்டாம், தலை சீவும்போதும் பொட்டு வைக்கும்போதும் அதன் முன் உட்காரவைத்தால் போதும் என்றேன். பேச்சுக்காக, அவன் சுட்டும் பொருளின் பெயரை ஒவ்வொரு முறையும் சொல்லவும், கேட்காமலேயே எடுத்துக் கொடுப்பதைக் குறைக்கவும் தாயிடமும் அக்காவிடமும் சொல்லப்பட்டது.

தொடர்ந்து நடந்தவை

23 மாதத்தில் மறுபடி பார்த்தபோது, பதிவுப் பெயருக்கு அவன் திரும்பினான். அக்கா கூப்பிட்டால் விரைவாகவும் நான் கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகவும். அன்று குறிச் சோதனையை உரிய முறையில் செய்தேன். மைப்பொட்டோடும் திருநீற்றோடும் குழம்பாதபடி பச்சை முகச்சாயத்தை எடுத்துக்கொண்டு, முகம் துடைக்கும் சாக்கில் மூக்கின் பக்கவாட்டில் தடவினேன். கண்ணாடியைக் காட்டும் முன் சில நிமிடம் காத்திருந்து, தானாக மூக்கைத் தொடுகிறானா என்று பார்த்தேன், தொடவில்லை. சாயத்தின் ஈரம் அவனுக்கு உறுத்தவில்லை என்பதை இது உறுதிசெய்தது. கண்ணாடி முன் அவன் உருவத்தின் மூக்கைத் தொட்டான், கண்ணாடியைத் துடைத்தான், அதன் பின்புறம் எட்டிப் பார்க்க முயன்றான், பிறகு அப்பாயி மடியில் முகம் புதைத்தான். தன் மூக்குக்குக் கை போகவில்லை.

25 மாதத்தில் முறையைச் சற்று மாற்றினேன். முதலில் ஒரு பொம்மையின் முகத்தில் பச்சைப் புள்ளி வைத்து, அதைத் துடைத்துவிடச் சொன்னேன். குறி என்பது துடைக்கவேண்டிய ஒன்று என்ற எண்ணத்தை முன்கூட்டியே ஏற்படுத்தும் இந்த முறையை ஜெர்மனியில் அசென்டார்ஃப் குழுவினர் 1996 இல் கையாண்டிருக்கிறார்கள். பொம்மையின் முகத்தை அக்கறையாகத் துடைத்தான். பிறகு அவன் முகத்தில் குறி இட்டுக் கண்ணாடி முன் நிறுத்தியபோது சிறிது நேரம் பார்த்தான். வலக் கை மெல்ல உயர்ந்து தன் மூக்கைத் தொட்டது. விரல் நுனியைப் பார்த்தான். “சாமி மூக்கு” என்றான். ஒரே குழந்தையிடம், ஒரே காலத்தில் வயதும் கூடி, கண்ணாடிப் பழக்கமும் கூடி, முறையும் மாறியிருப்பதால், எது எவ்வளவு உதவியது என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல இடமில்லை.

அதே மாதத்தில் தாய் ஒரு புதிய கவலையோடு வந்தார். பிள்ளை நன்றாக இருந்தான், இப்போது எதற்கெடுத்தாலும் ‘வேணா’ என்கிறான், அக்காவைக் கடித்துவிட்டான், சட்டையைத் தானே போட வேண்டும் என்று தரையில் புரண்டு அழுகிறான் என்றார். அதே வாரத்தில் நடந்த மற்ற இரண்டையும் அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தம்ளரைப் போட்டு உடைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அக்கா விழுந்து முழங்காலில் இரத்தம் வந்தபோது, தான் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய துணியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தான். அடமும் வெட்கமும் பரிவும் ஒன்றாக வந்தது தற்செயல் அல்ல. தான் மற்றவர்களிடமிருந்து வேறானவன், தனக்கென ஒரு விருப்பம் உண்டு என்று தெரிந்தவன்தான் மறுக்க முடியும்; மற்றவர் கண்ணுக்குத் தான் தெரிகிறோம் என்று அறிந்தவன்தான் ஒளிய முடியும்; வலி தன்னுடையது அல்ல, அவளுடையது என்று பிரித்தறிந்தவன்தான் ஆறுதல் தர முடியும். கண்ணாடியில் தம்மை இனம் காணும் குழந்தைகளிடமே கூச்சம் மிகுதியாகத் தென்படுவதை மைக்கேல் லூயிஸ் குழுவினர் 1989 இல் காட்டியிருக்கிறார்கள். கடிப்பதை உறுதியாகத் தடுக்கவும், சட்டை போடுவது போன்றவற்றில் நேரம் கொடுத்து அவனையே செய்யவிடவும் சொன்னேன். காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் அது முடியாது என்றார் தாய். அது நியாயம் என்பதால், காலையில் அவர் போட்டுவிடுவது, மாலையில் அவனே போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம்.

27 மாதத்தில் அப்பாவின் கைப்பேசியில் தன் புகைப்படத்தைக் காட்டித் தன் பதிவுப் பெயரைத் தானே சொன்னான். இரு சொல் தொடர்கள் வந்துவிட்டன. அதுவரை “சாமி சாப்ட்டுச்சு” என்று பெரியவர்கள் தன்னைப் பற்றிச் சொல்வதுபோலவே சொல்லிவந்தவன், “நானு வரேன்” என்று தந்தையின் வண்டியை நோக்கி ஓடியதாக அக்கா வந்து சொன்னாள்.

நடைமுறையில் மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு என் பதிவுப் படிவத்தில் பெயருக்கு அடுத்த வரி, ‘வீட்டில் யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்’ என்பது. மலை ஊர்களில் மட்டுமல்ல, சேலம் நகரத்துக்குள்ளேயே தாத்தா பெயரைத் தாங்கிய குழந்தைகள் பலர் வேறு பெயரில்தான் வளர்கிறார்கள் என்பதை இந்தக் கேள்வி நாள்தோறும் காட்டுகிறது. பரிசோதனை நாளை ஊருக்கு முன்கூட்டியே சொல்லி, பகலில் குழந்தையை வைத்திருப்பவரே அழைத்து வருமாறு கேட்டுக்கொண்டால், தேவையற்ற மறுபரிசோதனைகள் பல குறையும் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசினேன். அவர் அதை ஏற்று, காப்பிப் பருவத்தில் அப்பாயி, அம்மாயிகளுக்கே தகவல் அனுப்புகிறார். பதிவுப் பெயரால் அழைத்தும் வீட்டுப் பெயரால் அழைத்தும் திரும்பாத குழந்தையைத் தாமதிக்காமல் செவிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதில் எந்தத் தளர்வும் இல்லை.

குறிச் சோதனையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று பெற்றோரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன். செய்வதால் தீங்கு இல்லை. ஆனால் விடையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை இரவுகள் தூங்காமல் இருக்கும் என்பதைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பதிலாகக் கவனிக்கவேண்டியவற்றைச் சொல்கிறேன்: விரலால் சுட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, தன் பொருளைத் தன்னுடையது என்கிறானா, செய்யக் கூடாததைச் செய்துவிட்டு உங்களைப் பார்க்கிறானா.

மூன்று வயதை எட்டும் நிலையில் இருக்கும் இக்குழந்தைக்குச் சொல்வளம் வயதுக்கு உரிய அளவின் கீழ் விளிம்பில் இருக்கிறது. ‘ர’, ‘ழ’ ஒலிகள் இன்னும் தெளியவில்லை, அவை இந்த வயதில் தெளிய வேண்டியவையும் அல்ல. அங்கன்வாடிக்குப் போய்வருகிறான். அடுத்த பேச்சு மதிப்பீடு மூன்று வயது நிறைவில் நடைபெற உள்ளது. காப்பிப் பறிப்பு தொடங்குவதற்கு முன்பாகவே அதை முடித்துவிட வேண்டும் என்று தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார்.